நீர்நாய் விஷயத்தில் மட்டும்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம், வண்டியும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மாமாவின் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது.

முதல் எல்லையைத் தாண்டியாயிற்று. வண்டியின் பக்கவாட்டில் பழைய ரொட்டிக் கம்பெனியின் எழுத்து எவ்வளவு சுரண்டியும் போகவில்லை அல்லவா, சாவடிக்காரர் அதையே படித்துப் படித்துப் பார்த்தார். "ரொட்டி எங்க?" என்றார். "வழியில தின்னுட்டேன்" என்றேன். சிரிக்காமலேயே முத்திரை குத்தினார். நான் அடித்த பலகைக் கட்டிலும் அடுப்பும் ஆணி கழலாமல் வந்து சேர்ந்தன. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கை காலிதான். அது உன்னுடையது. அதில் வரைபடத்தைத் தவிர வேறு எதையும் வைப்பதில்லை.

நேற்று ஒரு புல்வெளி ஓரம் மான் கூட்டம். கொம்பு உதிரும் காலம். தலை மொட்டையாக, கூச்சத்தோடு நின்ற பெரிய ஆண்மானைப் பார்த்ததும் முடிவெட்டிக்கொண்டு வந்த மாமா நினைவுக்கு வந்தார். அவரிடம் சொல்லாதே.

ஜூன் மாதம் ஆற்றுப் பக்கம் போய்விடுவேன். அங்கே நீர்நாய் நிறைய உண்டு என்கிறார்கள். நீ அங்கே வந்து சேர்ந்துகொள். பேசி வைத்தபடி இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். போன் வேண்டாம், கடிதம்தான் என்று முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. பாதி வழியில் சிக்னலே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. மாமாவின் இருமல் நின்றுவிட்டது, பேச்சுதான் நிற்கவில்லை.

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப் போய் லென்ஸ் வெட்டுகிற மேசையில் வைத்துப் படித்தேன். ஜூன் மாதம் லீவு வேண்டும் என்று முதலாளியிடம் அன்றைக்கே சொன்னேன். "லீவா? உங்களுக்கா? எதுக்கு?" என்றார். இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்த நாள் முதல் நான் வெளியூர் போகிறேன் என்று அவர் கேட்டதே இல்லை. நீர்நாய் பார்க்க என்றேன். கண் டாக்டரிடம் காட்டிக்கொள்ளச் சொல்லுவாரோ என்று இருந்தது அவர் பார்த்த பார்வை.

ஆலைக் குடியிருப்பின் பின்னால் ஓடிய அந்த வாய்க்கால் உனக்கு நினைவிருக்கிறதா? குழாய் வாயில் நீர்நாய் தலையை நீட்டி, மீசையை உதறிவிட்டு, நம் இருவரையும் பார்த்ததே. அம்மா நம்பவில்லை. "பெருச்சாளியப் பாத்துட்டு வந்து புளுகுறீங்களா" என்று கரண்டியால் என் முதுகில் ஒன்று வைத்தாள். நீ சின்னவன், உனக்கு அடி இல்லை. அழுதது மட்டும் நீ. எதற்கு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், நீர்நாய் விஷயத்தில் மட்டும் கூடாது என்று அன்றைக்குச் சத்தியம் செய்துகொண்டோம். பார்த்தேன் என்றால் பார்த்தேன். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை. பரீட்சை மார்க்கில் எத்தனையோ பொய் சொன்னாய், இதில் சொன்னதில்லை. நானும்தான்.

பைனாகுலரைத் துடைக்கும்போது சட்டை நுனியால் துடைக்காதே. நான் கொடுத்த துணியால் துடை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

நலம். சளி பிடித்து விட்டது, அதனால்தான் பதில் தாமதம். நீயும் மாமாவும் சுகம்தானே?

காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தது. எதிரே வந்த லாரிக்காரர் எஞ்சினையே அணைத்துவிட்டுக் காத்திருந்தார். தூரத்துச் சரிவில் ஒரு கரடியும் பார்த்தேன். கல்லைப் புரட்டிப் புரட்டி எறும்பு தின்றுகொண்டிருந்தது. அரை நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மலைப்பாதை நான் நினைத்ததைவிட மோசம். பல இடங்களில் கழிப்பறை என்று ஒன்று கிடையாது, புதரும் மண்வெட்டியும்தான். குளிர் எலும்புக்குள் போகிறது. உன் முழங்காலை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் நீ வர வேண்டும். கட்டாயம் வர வேண்டும்.

வழியில் ஒரு புகைப்படக்காரி கை காட்டினாள். பறவைகளைப் படம் எடுக்கிறவள். அடுத்த ஊர் வரை ஏற்றிக்கொண்டேன். உன் இருக்கையில்தான் உட்கார வேண்டியிருந்தது, வேறு இடம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். சளிக்கு வெந்நீர் குடி. காதை மூடிக்கொள்.

மண்வெட்டி என்றால் மண்வெட்டி. அதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா? உன் கடிதம் வந்த நாளிலிருந்து கடைக்கு லிஃப்டில் போவதை விட்டுவிட்டேன். மூன்று மாடியும் படி. முதல் வாரம் மேலே போய் நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். இப்போது அந்த அளவுக்கு இல்லை. மழைக்கு நனையாத ஷூ வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறேன்.

உன் மாமாவுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "எலியப் பாத்தாலே ஸ்டூல் மேல ஏறுவே. இவ நீர்நாய் பாக்கப் போறாளாம்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். "போகவும் மாட்டே, பாக்கவும் மாட்டே. எழுதி வச்சுக்கோ" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நடக்காமல் போனது ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. சிரிக்காதே. வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, உனக்கே தெரியும்.

அந்தப் புகைப்படக்காரி இறங்கிவிட்டாளா? எழுதவில்லையே.

அக்கா

மே 28

அன்புள்ள அக்கா,

உடம்பு தேறிவிட்டது. அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

ஆற்றுக்கு வந்துவிட்டேன். பாலத்தின் இந்தக் கோடியில் பஸ் நிற்கும் இடம், அதற்கு மேல் வாடகை அறைகள். கொஞ்சம் தள்ளி ஒரு விடுதி, பின்னால் வண்டி நிறுத்தத் தோட்டம். சாப்பாடு விடுதியில். விடுதிக்கார அம்மாள் நல்லவர். நாங்கள் எப்போது போனாலும் சூடாக சூப் தருகிறார்.

நீர்நாய்தான் இன்னும் கண்ணில் படவில்லை. தடம் கிடைக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. பாறை மேல் மீன் செதிலோடு எச்சம், சேற்றில் விரிந்த விரல் தடம், கரையில் வழுக்கி இறங்கிய கோடு. எப்போது வந்தது, எந்தப் பக்கம் போனது என்று இப்போது தடத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நாம் தூங்கும்போது வந்து, பார்த்துவிட்டு, போய்விடுகிறது.

இதை நம்பி நீ அவ்வளவு தூரம் வருவதா என்று ஒரு பக்கம் யோசனையாக இருக்கிறது. மூன்று பஸ் மாற வேண்டும். பார்க்க முடியாமல் போனால் மாமா வேறு கேலி செய்வார். வந்தால் எனக்குச் சந்தோஷம். வரமுடியாமல் போனாலும் புரிந்துகொள்வேன், அதையும் சொல்லி வைக்கிறேன்.

தம்பி

ஜூன் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கவலைப்படுவது எனக்குத் தெரிகிறது. அதற்காக உனக்கு ஒரு முத்தம்.

டிக்கெட் எடுத்தாயிற்று. பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் பாலத்தில் இறங்குகிறேன். மாத்திரை டப்பா, உனக்கு மஃப்ளர், கண் சோதிக்கிற எழுத்து அட்டை, எல்லாம் கட்டியாயிற்று. உன் பவர் மாறியிருக்கும், ஆற்றங்கரையில் அட்டையை மாட்டிச் சோதிக்கிறேன். முதலாளி லீவு கொடுத்துவிட்டார். மாமா ஷூவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இது ஒன்றே எனக்குப் பாதி வெற்றி.

"நாங்கள்" சூப் குடித்தோம் என்று எழுதியிருக்கிறாய். நீயும் யாரும்? போகட்டும், வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பார்க்காவிட்டால் என்ன, தடத்தையாவது உன்னோடு சேர்ந்து பார்ப்பேன்.

அக்கா

ஜூன் 25

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பாய்.

சொன்னபடி வர முடியவில்லை. கிளம்பும் சமயத்தில் உன் மாமாவுக்குக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. நான் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

இதனுடன் உன் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காதுக்கம்பி வைத்திருக்கிறேன், இடது பக்கத்துக்கு. ஆணியும் உண்டு. டேப் சுற்றிய கம்பியைக் காதில் மாட்டினால் வியர்வைக்குப் புண்ணாகும்.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

நலம். மாமாவின் காய்ச்சல் முழுவதும் விட்டதா? அவரைத் தனியாக விட்டுவிட்டு நீ எப்படி வருவாய், எனக்குப் புரிகிறது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. பதினெட்டாம் தேதி விடியும்போதே பாலத்துக்குப் போய்விட்டேன். நீ இறங்குவாய் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன், கீழே தண்ணீரில் ஒரு கோடு. தலை. மீசை. நம் நீர்நாய்தான் அக்கா! பின்னாலேயே மூன்று குட்டிகள். பாறை மேல் ஏறி ஒன்றை ஒன்று தள்ளி விளையாடின. அவ்வளவு நேரம் என் கண் முன்னால் இருந்தன. நீ பக்கத்தில் இல்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் வந்தது, நீ இறங்கவில்லை.

காதுக்கம்பி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. உடைந்ததை எந்தக் கடிதத்தில் எழுதினேன் என்று எனக்கே மறந்துவிட்டது, நீ மறக்கவில்லை பார். மாமாவிடம் நீர்நாயைப் பற்றிச் சொல்லு. உன் சார்பில் நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லு.

தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

சுகம்.

நீர்நாய் பார்த்தது பற்றி இன்னும் கொஞ்சம் எழுது. பாலத்தில் எந்தப் பக்கம் நின்றாய்? அதற்கு முன் வேறு பஸ் ஏதாவது போயிற்றா? யாராவது கூட இருந்தார்களா? நன்றாக யோசித்து எழுது. அவசரம் இல்லை.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்கா,

சுகம். உனக்கு எவ்வளவு ஆசை இருந்திருந்தால் இப்படித் துருவிக் கேட்பாய்!

கிழக்குப் பக்கம், கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். வேறு பஸ் எதுவும் வரவில்லை, போகவில்லை. பாலத்தில் நான் ஒருவன்தான், ஈ காக்கை இல்லை. அதனால்தான் அது பயமில்லாமல் வெளியே வந்தது என்று நினைக்கிறேன். தாய் ஒரு மீனைப் பிடித்துக் குட்டிகளுக்குப் போட்டது. கடைசிக் குட்டிக்குக் கிடைக்கவில்லை, அது கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

ஜூலை 26

அக்கா,

நேற்று முன்தினம் போட்ட கடிதம் உனக்கு வந்து சேருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. முடிந்தால் அதைப் பிரிக்காதே.

காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புகைப்படக்காரி பார்த்துவிட்டு, "இது ஒடஞ்சது ஜூன் பதினாறாம் தேதி தானே. அதுக்கப்புறம் இந்தக் கம்பி வர்ற வரைக்கும் நீங்க உங்கக்காவுக்கு லெட்டரே போடலியே, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றாள். ஆமாம், அவள் இன்னும் இறங்கவில்லை. அதையும் நான் உனக்கு எழுதவில்லை.

நான் மே மாதக் கடிதத்தோடு நிறுத்தியவன், கம்பி வந்த பிறகுதான் மறுபடி எழுதினேன். கம்பி உடைந்ததை எழுதவே இல்லை. டேப் சுற்றியதைச் சொல்லவே இல்லை. ஓடிப் போய் விடுதிக்கார அம்மாளைக் கேட்டேன். "பதினேழாந்தேதி சாயங்காலம் ஒரு அம்மா வந்தாங்க. மூலை மேசையில சுவத்தப் பாத்து உக்காந்தாங்க. டீ வாங்கினாங்க, குடிக்கல. காச வச்சுட்டுப் போயிட்டாங்க. புது ஷூ போட்டிருந்தாங்க" என்றார்.

நீ வந்திருக்கிறாய். தடம் பார்த்துச் சொல்வேன் என்று பெருமை அடித்துக்கொண்டவன் நான். நீ அனுப்பிய கம்பியையே காதில் மாட்டிக்கொண்டு இத்தனை நாள் சுற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் அடுப்புப் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம். என்ன பேசினேன் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்துப் பார்க்கிறேன். எவ்வளவு கேட்டாய்? பதினெட்டாம் தேதி நான் பாலத்துக்கு வரவில்லை. எழுந்தபோதே பஸ் வந்து போயிருந்தது. யாரும் இறங்கவில்லை என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை ஒளிப்பதில் இனி என்ன இருக்கிறது. உன் கடிதம் வந்ததும் அந்த நிம்மதியை எப்படி மறைப்பது என்று தெரியாமல் ஏதேதோ எழுதிவிட்டேன்.

ஆனால் அக்கா, மாமாவுக்குக் காய்ச்சல் என்று நீயும்தானே பொய் எழுதினாய்? வந்தவள் என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? திட்டவாவது செய்திருக்கலாம். திட்டி ஒரு கடிதம் போடு.

தம்பி

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இங்கே எல்லோரும் சுகம். இரண்டையும் பிரித்தேன்.

ஆமாம், வந்தேன். இரண்டாவது பஸ் சீக்கிரம் கிடைத்ததால் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டேன். பின்னால் வந்து கண்ணைப் பொத்தலாம் என்று சத்தம் போடாமல் உள்ளே நுழைந்தேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாய். இடது பக்கம் பச்சை டேப். அந்தப் பெண் கழுத்தில் நம் பைனாகுலர்.

"அக்கா வராம இருந்தா நல்லதுன்னு வேண்டிக்கிட்டிருக்கேன். வந்தா மாத்திரை டப்பா, மஃப்ளர், நேரத்துக்குச் சாப்பாடு. அவங்க முன்னாடி நான் இன்னும் மூக்கு ஒழுகுற பையன்தான்" என்றாய். "அப்புறம் எதுக்கு வா வான்னு எழுதுறீங்க?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. "எழுதினா மட்டும் வந்துடுவாங்களா? அவங்க வீட்ட விட்டு எங்க போயிருக்காங்க. கூப்பிடாம இருந்தா பாவம், வருத்தப்படுவாங்க. அதான்" என்று சொன்னாய். நானும் மூலையில் போய் உட்கார்ந்தேன். என் பையில் மாத்திரை டப்பாவும் மஃப்ளரும்தான் இருந்தன. நீ சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

அன்றைக்கு பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு அறை எடுத்துத் தங்கினேன். காலையில் முதல் பஸ்ஸுக்காகப் பாலத்தில் நின்றேன். கிழக்குப் பக்கம், கைப்பிடிச் சுவர் ஓரம். இருட்டு கலைவதற்கு முன்பிருந்து நின்றேன். பழக்க தோஷம், அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறை இருந்தது, புல் இருந்தது. நீர்நாய் வரவில்லை. நீயும் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நீ பேசியதை பஸ்ஸிலேயே பாதி மன்னித்துவிட்டேன். எந்த அக்காதான் தொல்லை இல்லை? காதுக்கம்பியை ஏன் அனுப்பினேன் என்று கேட்டால், தெரியாது. கடையில் உட்கார்ந்ததும் கை தானாக அந்த டிராயரைத் திறந்தது. உன்னிடமிருந்து பதில் வரட்டும், நன்றாகத் திட்டி எழுதிவிட்டு மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உன் நீர்நாய் வந்தது, மூன்று குட்டியோடு. சரி, இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று கேட்டேன். நீ அதற்கு மீனும் பிடித்துக் கொடுத்தாய்.

நானும் பொய் எழுதினேன்தான். காய்ச்சலைப் பற்றி எழுதினேன். நீர்நாயைப் பற்றி எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, உன் மாமா கேட்டார், "என்ன, பாத்தியா?" பக்கத்து வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. அந்த மனிதரின் வாயை ஆயுசுக்கும் அடைத்திருக்கலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? "பாக்கல" என்றேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்றைக்கும் யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்கிறார். நான் டீ கொண்டு வந்து வைக்கிறேன்.

சத்தியம் என்பது இரண்டு பேர் செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் காக்கப் போகிறவள் நான் ஒருத்திதான் என்று அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது போல, அதனால்தான் கரண்டியால் என் முதுகில் மட்டும் வைத்தாள்.

பார்த்துப் பத்திரமாக ஓட்டு. உன் கண்ணாடியின் வலது பக்கக் கம்பியும் தளர்ந்துதான் இருந்தது, அங்கிருந்தே பார்த்தேன். அந்தப் பக்கம் ஏதாவது கடை இருக்கும். அங்கேயே கொடுத்துச் சரி செய்துகொள்.

அக்கா